கம்பிப்பெட்டியும் என் ஓரகத்தியும்

என் ஓரகத்தியைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. என் கொழுந்தனுக்கு வாழ்க்கைப்பட்டு அவள் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸுக்கு வந்து இறங்கிய அன்றைக்கே ஆரம்பித்த எரிச்சல் அது. என்னைவிட அவளுக்கு முடி நீளம், நிறமும் கொஞ்சம் கூடுதல். சோறு குழைந்தாலும் குழம்பு தீய்ந்தாலும் ஒரு சிரிப்பைச் சிரித்துச் சமாளித்துவிடுவாள், வீட்டு ஆண்களும் பல்லைக் காட்டிக்கொண்டு சாப்பிடுவார்கள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பாட்டு விஷயத்தில் அவள் கை வைத்தபோதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பாட்டு என்றால் எங்கள் கோவிலில் நான்தான். தகரக் கூரை போட்ட அந்தத் தமிழ்க் கிறிஸ்தவக் கோவிலில் காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியம் ஒன்று இருந்தது. சபைச் சொத்து என்று பெயர். ஆனால் அதைத் தொடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வட ஆற்காட்டில் மிஷன் விடுதியில் தங்கிப் படித்தபோது ஒரு வெள்ளைக்கார ஆசிரியை என் விரல்முட்டிகளில் அடிகோலால் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்த வித்தை. சுரங்கத்தில் டைம்கீப்பராக இருந்த என் வீட்டுக்காரரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தபோது, அந்த வித்தையையும் கொஞ்சம் இங்கிலீஷையும் தவிர நான் கொண்டுவந்தது பெரிதாக ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்க, நான் மட்டும் முன்னால் முக்காலியில் உட்கார்ந்து காலால் துருத்தியை மிதிப்பேன். பக்கத்து மில்லில் பாறை இடிக்கிற சத்தம் ஓய்வுநாள் என்றும் பார்க்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அதையும் மீறி நான் சுருதி கொடுத்த பிறகுதான் சபை வாயைத் திறக்கும். ஆராதனை நடத்தும் உபதேசியார்கூட என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பாட்டைத் தொடங்குவார். அந்தச் சுகம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

என் ஓரகத்திக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கேப்டன் பங்களாவில் குழந்தை பார்க்கும் ஆயா வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கேப்டன் என்றால் கப்பல் கேப்டன் இல்லை. சுரங்கத்துக்குள் வேலை நடத்துகிற வெள்ளைக்காரர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கார்ன்வால் என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாக வெள்ளீயம் தோண்டியவர்கள், அங்கே சுரங்கம் படுத்துவிட்டதால் இங்கே தங்கம் தோண்ட வந்தவர்கள். அந்தக் கேப்டனுடைய மனைவியான துரைசாணி, பெட்டியும் சட்டியுமாக வந்து இறங்கியபோது கூடவே ஒரு வாத்தியத்தையும் கொண்டுவந்தாள். டல்சிமர் என்று பெயர். ஒரு பக்கம் அகலமும் மறுபக்கம் குறுகலுமாக முறம் மாதிரி இருக்கும் ஒரு பலகைப் பெட்டி. மேலே நெருக்க நெருக்கமாகக் கம்பிகள். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரே மாதிரி இழுத்துக் கட்டிய மூன்று நான்கு கம்பிகள் சேர்ந்திருக்கும். நுனியில் கம்பளி நூல் சுற்றிய இரண்டு பிரம்புக் குச்சிகளால் அவற்றைத் தட்ட வேண்டும். சுரங்கத்தில் வேலை செய்பவர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளில் அதற்குக் கம்பிப்பெட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

துரைசாணி தட்டுவாள், குழந்தை தூங்கும். துரைசாணி எழுந்து போனதும் குழந்தை அழும். ஒரு நாள் அழுகையை நிறுத்த என் ஓரகத்தி குச்சிகளை எடுத்துத் தட்டியிருக்கிறாள். கேட்டுக்கேட்டுக் காதில் ஏறியிருந்த ஒரு மெட்டு கையில் வந்துவிட்டது. துரைசாணிக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே அவளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். இவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்ல யாரைக் கூப்பிட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? என்னைத்தான்.

அந்த வராந்தாவில் நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்வது? துரைசாணி கண்ணை மூடிக்கொண்டு, இந்தப் பெண்ணின் கை தேவதூதரின் கை, இப்படி ஒரு லயத்தை என் ஊரில்கூட நான் கேட்டதில்லை என்று நீளமாகச் சொல்லிக்கொண்டே போவாள். அத்தனையையும் நான் என் வாயால் தமிழில் சொல்ல வேண்டும்.

"அக்கா, தொரசாணி இன்னா சொல்றாங்க?"

"நல்லாகீதாம்."

"அவ்ளோதானா? அம்மாந்நேரம் பேசனாங்களே!"

"இங்கிலீஷ் நீளம். விஷயம் அவ்ளோதான்."

அவள் கலகலவென்று சிரிப்பாள். குச்சியைக் காதோரம் செருகிக்கொண்டு குழந்தையைத் தூக்கிக்கொள்வாள். பயிற்சி செய்யச் சொன்னால் கை வலிக்கிறது என்பாள். நான் விரல்முட்டி வீங்க வீங்கக் கற்றதை இவள் தொட்டில் ஆட்டிக்கொண்டே கற்றுக்கொண்டாளே என்று எனக்கு மனசு ஆறவே இல்லை.

அப்படி ஒரு நாள் வராந்தாவில் நாங்கள் மூவரும் இருந்தபோதுதான் குதிரைக்காரர் வந்தார். பாரசீகத்திலிருந்து வந்து பெங்களூரில் குதிரை வியாபாரம் செய்தவர். வேலூர், ஆற்காடு என்று குதிரைகளை ஓட்டிக்கொண்டு சுற்றியதில் சந்தைத் தமிழ் நன்றாகவே பேசுவார். நெடுநெடுவென்று வளர்ந்த ஆள், மருதாணி போட்டுச் சிவந்த தாடி. கேப்டனுக்கு ஒரு மட்டக்குதிரை காட்ட வந்தவர், தோட்டத்தில் நின்றபடியே காதைத் தீட்டிக்கொண்டார். குதிரையைக் கூட வந்த வேலையாளிடம் விட்டுவிட்டுப் படியேறி வந்து கம்பிப்பெட்டியையே பார்த்தார்.

"அம்மா, இது நம்ம ஊர் சாமான். இதுக்குச் சந்தூர்னு பேரு. இது எப்படி இங்கே வந்தது?"

நான் துரைசாணிக்குச் சொன்னேன். அவள் முகம் சிவந்துவிட்டது. இது கார்ன்வாலில் என் தாத்தா தன் கையால் செய்தது, இந்த மனிதருடைய ஊரை அவர் கனவில்கூடப் பார்த்ததில்லை என்று சொல் என்றாள். சொன்னேன்.

குதிரைக்காரர் சிரித்தார். "செஞ்சது தாத்தாவா இருக்கட்டும். குட்டியைப் பார்த்தா எந்த லாயத்துக் குதிரைன்னு எனக்குத் தெரியாதா? எங்க ஊர்லேர்ந்து மேற்கே போன வியாபாரிங்க பட்டு கொண்டு போனாங்க, பழம் கொண்டு போனாங்க, இதையும் கொண்டு போனாங்க. அங்கே போய் இதுக்குக் கம்பளி மாட்டிவிட்டாங்க, குளிருக்கு."

அதையும் மாற்றிச் சொன்னேன், ஒரு சொல்கூடக் குறைக்காமல். அந்த வராந்தாவில் முதல்முறையாக எனக்கு உச்சி குளிர்ந்தது. துரைசாணிக்கு அந்தப் பெட்டியை இன்னொருத்தர் தன்னுடையது என்று சொல்வது பொறுக்கவில்லை. பொறாமை எனக்கு மட்டும் வாய்த்த நோயில்லை என்று தெரிந்ததில் ஒரு சந்தோஷம்.

அவர் வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டார். துரைசாணி வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினாள். அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஆணிகளைத் திருப்பும் சாவியை வாங்கி, ஒரு சுரத்துக்குரிய கம்பிகளை மட்டும் கொஞ்சம் தளர்த்தினார். குச்சிகளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார், கம்பளி சுற்றாத வெறும் பிரம்பு கம்பியில் படும்படி.

அதில் தாளம் இல்லை. ஒரு சுரத்தையே சுற்றிச்சுற்றி வந்தார். அதிலிருந்து ஒரு படி ஏறுவார், ஏதோ மறந்துபோனவர் போலத் திரும்ப இறங்கிவிடுவார். பிறகு இரண்டு குச்சிகளும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஒரே கம்பியில் நடுங்கும். அந்தத் தளர்த்திய கம்பிகள் வரும் இடம்தான் என்னைப் பிடித்து ஆட்டியது. என் ஆர்மோனியத்தில் ஒரு வெள்ளைக் கட்டையும் பக்கத்தில் ஒரு கறுப்புக் கட்டையும் இருக்கின்றன அல்லவா? அந்தச் சுரம் இதுவும் இல்லை, அதுவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நின்றது. தப்பு என்று என் காது சொன்னது. ஆனால் அது அடுத்து எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் சாவு வீட்டில் பெண்கள் கட்டிக்கொண்டு அழும்போது வருமே ஒரு இழுப்பு, அது அங்கேதான் போய் நிற்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாரசீகத்துக்காரருக்கு அது எப்படித் தெரிந்தது?

துரைசாணி காதைப் பொத்திக்கொள்ளாத குறைதான். அவர் போனதும் முதல் வேலையாகச் சாவியை எடுத்து அந்தக் கம்பிகளைப் பழையபடி முறுக்கினாள். என் ஓரகத்தியோ வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு என்ன புரிந்தது என்று நான் கேட்கவில்லை.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. மழைக்கு ஒதுங்க வந்த பெருச்சாளிகள் கோவிலுக்குள் புகுந்து ஆர்மோனியத்தின் துருத்தித் தோலைத் தின்றுவிட்டன. ஞாயிற்றுக்கிழமை நான் முக்காலியில் உட்கார்ந்து மிதித்தால் புஸ்ஸென்று காற்றுதான் வருகிறது. உள்ளே பார்த்தால் தோல் சல்லடையாக இருக்கிறது. அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். எப்படித்தான் விஷயம் பங்களாவுக்குப் போனதோ, அடுத்த ஞாயிறு கம்பிப்பெட்டி கோவிலுக்கு வந்து இறங்கியது, கூடவே என் ஓரகத்தியும். துரைசாணி பெரிய மனசு பண்ணி அனுப்பியிருந்தாள்.

என் முக்காலியை நகர்த்திப் போட்டு அதன்மேல் பெட்டியை வைத்தார்கள். அவள் தரையில் மண்டியிட்டுத் தட்டினாள். நான் பெண்கள் பக்கத்தில், பாயில், நான்காவது வரிசையில். ஆர்மோனியத்தின் சத்தம் மில் சத்தத்தில் பாதி கரைந்துபோகும். கம்பிப்பெட்டியின் சத்தமோ அதைக் குத்திக்கொண்டு வெளியே வந்தது. சபையார் திரும்பித் திரும்பி ஒருவரையொருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்கள். நான் வாசித்தபோது ஒருவரும் அப்படி ஆட்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாமே, மூஞ்ச இப்டித் தூக்கி வச்சினுகீறே? சொரங்கத்துக்குள்ள கேஜ்ல எறங்கறவன் மூஞ்சிகூட இதவிட நல்லாகீதே!"

"உங்க தம்பி பொண்டாட்டி வாசிப்ப மெச்சினு வந்தீங்களே, அங்கயே போய் சோறு துன்னுங்க."

அவர் நிஜமாகவே போய்விட்டார். அவள் வீடு அதே லைனில் அடுத்த கதவுதான்.

இத்தனைக்கும் நடுவில் எனக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. அறுப்புப் பண்டிகைக்கு பெங்களூரிலிருந்து பெரிய பாதிரியார் வருவதாக இருந்தார். புது ஆர்மோனியம் வாங்கித் தருவதா வேண்டாமா என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். கம்பிப்பெட்டி வாசிப்பைக் கேட்பார், இதுவே போதும் என்று அவருக்குத் தோன்றினால் ஆர்மோனியம் வராது, அந்த முக்காலி என் ஓரகத்திக்கே நிரந்தரம். பிடிக்காமல் போனால் எனக்கு என் இடம் திரும்பக் கிடைக்கும். ராத்திரி பகலாக நான் செய்த ஜெபம் என்ன என்று கர்த்தருக்குத் தெரியும், உங்களிடம் சொல்ல வேண்டியதில்லை.

பண்டிகைக்கு முந்தின வாரம் துரைசாணி உடம்புக்கு முடியாமல் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். சாவியை மட்டும் என் ஓரகத்தியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அவள் போன பிறகு ஒரு நாள் பூமிக்கடியில் பாறை வெடித்தது. ஏர் பிளாஸ்ட் என்று சொல்வோம். எங்கோ ஆழத்தில் ஒரு லெவலில் அழுத்தம் தாங்காமல் பாறை தெறிக்கும், மேலே எங்கள் வீட்டுப் பாத்திரங்களெல்லாம் பரணிலிருந்து உருளும். நல்ல வேளை, அந்தத் தடவை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கோவிலில் நான் பெருக்கிக்கொண்டிருந்தபோது கம்பிப்பெட்டி தொடுவார் இல்லாமல் தானாகவே முனகியதைக் கேட்டேன். ஆணிகள் நெகிழ்ந்து, கம்பிகள் கண்டபடி இறங்கிவிட்டன.

தட்டத் தெரிந்தவளுக்கு முறுக்கத் தெரியாது. எப்போதும் துரைசாணிதான் முறுக்குவாள். எனக்கும் தெரியாது. ஆர்மோனியத்துக்கு அந்தத் தொல்லையே கிடையாது, கட்டையை அழுத்தினால் அது பேசும். என் காதுக்குத் தப்பு தெரியும், கைக்கு வைத்தியம் தெரியாது. என் ஓரகத்தி அழாத குறையாகப் பங்களாவுக்கு ஓடிப்போய், மட்டக்குதிரைக்குச் சேணம் கொண்டுவந்திருந்த குதிரைக்காரரைக் கையோடு கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சுருதி சேர்க்கத் தெரிந்தவர் யாராயிருந்தால் என்ன என்பது அவள் எண்ணம். உபதேசியாருடைய எண்ணமும் அதுதான். வேட்டியை யார் துவைத்தால் என்ன, வெளுத்தால் சரி என்பது மாதிரி.

அவர் செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்தார். சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டார்.

"எதுக்கு வாசிக்கப்போறே, அம்மா?"

"சாமிகிட்ட பேசறதுக்கு," என்றாள் என் ஓரகத்தி.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வெகுநேரம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கம்பியாகக் காதை வைத்துக் கேட்டுக்கேட்டு, அவருடைய ஊரில் சாமியிடம் பேசுவதற்கு எப்படிச் சேர்ப்பார்களோ அப்படிச் சேர்த்துக் கொடுத்தார். கம்பிகள் பளிச்சென்று பேசின. உபதேசியார் கைகூப்பினார்.

நான் அந்த நேரத்தில் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன். பண்டிகைக்குப் பாட வேண்டிய இங்கிலீஷ் மெட்டுப் பாட்டைக் கம்பிகளின் சத்தத்தோடு சேர்த்து வாய்க்குள் முனகிப் பார்த்தேன். மூன்றாவது சுரம் வந்ததும் துடைப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினேன். அதே சுரம். வெள்ளைக் கட்டைக்கும் கறுப்புக் கட்டைக்கும் நடுவில் நிற்கும் அது, இந்த முறை ஒரு இடத்தில் இல்லை, மேலும் கீழும் பெட்டி முழுக்க உட்கார்ந்திருந்தது.

"அந்தச் சுரம் தப்பு," என்றேன்.

"தப்பு இல்லே, அம்மா," என்றார் குதிரைக்காரர் அமைதியாக. "அது அங்கேதான் இருக்கணும்."

"உங்க பாட்டுக்கு இருக்கலாம். எங்க பாட்டுக்கு ஆகாது. நாளைக்கு ஆராதனையில மானம் போயிடும்."

என் ஓரகத்தி உபதேசியாரைப் பார்த்தாள். உபதேசியார் என்னைப் பார்த்தார். அவருடைய உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை பரபரக்கிறது.

"பொறாம ஆகாதும்மா," என்றார். "பொறாமையில தம்பியக் கொன்னானே காயீன், அவன் கத தெரியும் இல்ல? உன் தங்கச்சி மாதிரி நெனச்சிக்கோ."

நான் பொறாமைக்காரிதான். அதனால் என் காது செவிடாகிவிடுமா? வாழ்க்கையில் நான் அவளைப் பற்றி ஆயிரம் குறை சொல்லியிருக்கிறேன், பாதிக்கு மேல் புளுகு. அன்றைக்குச் சொன்னது சுத்தமான உண்மை. அதை ஒருவரும் நம்பவில்லை. பயிற்சி என்றாலே கை வலிக்கிறவள், பாட்டை ஒரு தடவை தட்டிப் பார்க்காமலே பெட்டியை மூடினாள். துணியை வாளிக்குள் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அறுப்புப் பண்டிகை என்றால் ஊரில் விளைந்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள். எங்களுக்கு இங்கே விளைகிற ஒன்றை வெள்ளைக்காரர் எடுத்துக்கொண்டு போய்விடுவதால், பஜாரில் வாங்கிய பூசணியும் கேழ்வரகும் கோழியுமாகக் கோவில் நிறைந்திருந்தது. பெரிய பாதிரியார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, இந்தத் தடவை முதல் வரிசையிலேயே உட்கார்ந்துகொண்டேன். அவள் முகத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமே.

அவள் நன்றிப் பாட்டைத் தொடங்கினாள். சபை பெரிய பாதிரியாருக்காக வாயை அகலத் திறந்தது. இரண்டாவது அடிக்குள் எல்லாம் புளித்துவிட்டது. ஆண்கள் ஒரு பக்கம் இழுத்தார்கள், கம்பி ஒரு பக்கம் இழுத்தது. பாதிரியார் முகத்தைச் சுளித்தார். உபதேசியாரின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் தற்செயலாக என் பக்கம் திரும்பினார். நான் அவரைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினேன். அப்பா, என்ன நிமிஷம் அது! ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது.

அவள் நிறுத்திவிட்டாள். குச்சிகள் கம்பியின் மேலேயே நின்றன. கோவிலுக்குள் மில் சத்தம் மட்டும் கேட்டது. எழுந்து வெளியே ஓடிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். ஓடவில்லை. பயத்தில் அவள் கை தானாக அந்தக் கெட்ட சுரத்தையே மறுபடி தட்டியது. பிறகு அதற்குப் பக்கத்துக் கம்பியை, பிறகு மறுபடி அதையே. மூன்றாம் தடவை தட்டியபோது அவள் முகம் மாறியது.

எங்கள் லைன் வீடுகளில் பெண்கள் பாடும் ஒரு கீர்த்தனை உண்டு. ஷிப்டுக்குப் போன ஆள் கேஜில் திரும்பி வராதபோது பாடுவது. சாவு வீட்டிலும் கல்லறைத் தோட்டத்திலும்தான் அது கேட்கும். ஆராதனையில் அதைச் சேர்க்கச் சொல்லி முன்பு சிலர் கேட்டிருக்கிறார்கள், நான் முடியாது என்றுவிட்டேன். ஆர்மோனியத்துக்கு அது அடங்காது. எந்தக் கட்டையை அழுத்தினாலும் பெண்களுடைய குரல் அதற்கு வெளியே போய் நிற்கும். அவர்களுக்குத்தான் சுருதி தெரியவில்லை என்று நான் சொல்லிவந்தேன்.

அந்தக் கீர்த்தனையைத்தான் அவள் எடுத்தாள். இழுப்பு வரும் இடத்தில் பெண்களுடைய குரல் எங்கே போய் நிற்குமோ, அங்கேயே பாரசீகத்துக்காரருடைய கம்பி ஏற்கெனவே போய் நின்றுகொண்டிருந்தது. ஒருவரும் சுருதி கொடுக்கவில்லை, ஒருவரும் பாட்டு எண்ணைச் சொல்லவில்லை. பெண்கள் பக்கம் முழுவதும் ஒரே குரலாக எழுந்தது. பாலகாட் சுரங்கத்தில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், அவள் கைக்குழந்தையை இறுக்கிக்கொண்டு பாடினாள். நானும் பாடினேன். பாடக்கூடாது என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. கண்ணீரும் வந்தது. என்னை அழவைத்துவிட்டாளே என்று அந்த அழுகையின் நடுவிலும் அவள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பெரிய பாதிரியார் முடிவைச் சொல்ல நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. நன்றிப் பண்டிகையில் துக்கப் பாட்டா, பூசணிக்காய்க்கு யாராவது ஒப்பாரி வைப்பார்களா என்று கேட்டார். சுருதி சுத்தமாக நிற்கும் கருவிதான் ஆராதனைக்கு வேண்டும், புது ஆர்மோனியம் அனுப்புகிறேன் என்றார். உபதேசியார் அன்று சாயங்காலமே வீடு தேடி வந்து, நீ சொன்னது சரிதான் அம்மா என்றார். நான் ஜெயித்துவிட்டேன்.

கம்பிப்பெட்டி பங்களாவுக்குத் திரும்பிப் போயிற்று. துரைசாணி வந்து அதைப் பார்த்து, குதிரைக்காரரைத் திட்டிக்கொண்டே தன் ஊர்ச் சுருதிக்கு மாற்றிக்கொண்டாள். அவளுடைய புருஷனுக்கு ஒப்பந்தம் முடிந்ததும் அதையும் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டாள். என் ஓரகத்தி அழுவாள், என் கண்ணெதிரே கொஞ்சமாவது வாடுவாள் என்று காத்திருந்தேன்.

"அப்பாடா," என்றாள் அவள், அரிசி புடைத்துக்கொண்டே. "முட்டி போட்டு முட்டி போட்டு காலே மரத்துப் போச்சுக்கா. நீங்களே வாசிங்க, எனக்கு இன்னாத்துக்கு அது?"

அவளுக்கு வேண்டாத ஒன்றையா நான் இவ்வளவு நாள் அவளிடமிருந்து பறிக்கப் பார்த்தேன்? எனக்கு வந்த கோபத்தில் அவளிடம் கடன் வாங்கப் போன உப்பை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

புது ஆர்மோனியம் வந்தது. பளபளவென்று, பழையதைவிடப் பெரியது. முதல் ஞாயிறு நான் முக்காலியில் உட்கார்ந்து துருத்தியை மிதித்தபோது தோள் தானாக நிமிர்ந்தது. பாட்டெல்லாம் நன்றாகப் போயிற்று. கடைசியில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "பண்டிகையில பாடனோமே, அதப் பாடலாம்," என்றது. உபதேசியாரும் சரி என்றுவிட்டார். பெரிய பாதிரியார்தான் பெங்களூரில் இருக்கிறாரே.

வாசித்தேன். முதல் அடி சரியாகவே வந்தது. இழுப்பு வரும் இடத்தில் வெள்ளைக் கட்டையை அழுத்தினேன். பெண்கள் அதற்குக் கீழே நின்றார்கள். சட்டென்று கறுப்புக் கட்டைக்கு மாறினேன். இப்போது அவர்கள் அதற்கு மேலே நின்றார்கள். என் ஓரகத்தி நான்காவது வரிசையில், பிள்ளையை மடியில் போட்டு, சுவரில் சாய்ந்துகொண்டு அலட்சியமாகப் பாடிக்கொண்டிருந்தாள். மொத்தப் பெண்களும் அவள் குரலோடு போய்க்கொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் எதிராக என் ஒரு கை மட்டும் அபசுரமாக அழுத்திக்கொண்டிருந்தது. அடுத்த அடியில் அந்த இடம் வந்தபோது நான் கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அவர்கள் அதைக் கடந்து வந்த பிறகு மறுபடி சேர்ந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு அந்தக் கீர்த்தனை இல்லாத ஞாயிறே இல்லை. ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் நான் கையை எடுத்துவிடுவேன். வேறு வழியில்லை, அந்தச் சுரம் என்னிடம் கிடையாது. ஆனால் சபையார் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். உபதேசியார் ஒரு பிரசங்கத்திலேயே, விட்டுக்கொடுப்பது என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று என்னைக் காட்டினார். நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் கோவில் முடிந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தபோது அவளே கேட்டாள்.

"அக்கா, அந்த எடத்துல மட்டும் ஏன் வாசிக்கறதில்ல நீங்க?"

முடியவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அவளிடம் போய் அதைச் சொல்வேனா?

"உன் கொரலு கேக்கட்டும்னுதான்," என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். நடுத்தெருவில் நின்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்று முதல் தன் வீட்டில் நல்ல குழம்பு வைத்தால் முதல் கிண்ணம் எனக்குத்தான் அனுப்புகிறாள். நானும் வாங்கிச் சாப்பிடுகிறேன். இப்போதெல்லாம் அவளுக்குக் குழம்பு தீய்வதும் இல்லை.